சம்பளப் பிரிவும் பணியிடப் பண்பாடும்

ஒரு ஸ்தாபனத்தின் பண்பாடு எத்தகையது என்பதை, அதன் தலைவர் ஆண்டு விழா மேடையில் நிகழ்த்தும் பேருரையைக் காட்டிலும், மாதக் கடைசியில் ஊழியர் கைக்கு வந்து சேரும் சம்பளச் சீட்டு பன்மடங்கு தெளிவாக உணர்த்திவிடுகிறது. சொன்ன தேதியில் சம்பளம் வந்ததா, இரவு வெகுநேரம் இருந்து செய்த வேலைக்கு உரிய மிகைநேர ஊதியம் சேர்ந்ததா, தாயார் மறைவுக்காக எடுத்த விடுப்பு சம்பளமில்லா விடுப்பாகக் கணக்கிடப்பட்டுப் பிடித்தத்தில் போய்விட்டதா, அவ்வாறு போயிருப்பின் ஏன் என்று கேட்கச் சென்றவரைச் சம்பளப் பிரிவினர் உட்காரச் சொல்லி விளக்கினார்களா, அல்லது 'சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்களா என்னும் இத்தகைய சிறு விஷயங்களிலிருந்தே நிர்வாகத்தைப் பற்றிய அபிப்பிராயம் தொழிலாளியின் மனத்தில் உருவாகிறது. ஒருமுறை அவ்வாறு உருவாகிவிட்ட அபிப்பிராயத்தைச் சுவரில் ஒட்டிய வாசகங்களாலோ, விடுதிகளில் நடத்தும் உற்சாகக் கூட்டங்களாலோ மாற்றிவிடுவது எளிதன்று.

இவ்வுண்மை பெரும்பாலான நிர்வாகங்களுக்குத் தெரியாததும் அன்று. ஆயினும் பணியிடப் பண்பாடு குறித்துப் பயிற்சி என்று ஒன்றை ஏற்பாடு செய்யும்போது, அதற்கு முதலில் அழைக்கப்படுபவர்கள் உயர் அதிகாரிகளாகவும், அடுத்து அழைக்கப்படுபவர்கள் மேற்பார்வையாளர்களாகவும் இருக்க, மனிதவளப் பிரிவின் இளநிலை ஊழியர்களும் சம்பளப் பிரிவினரும் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதுமானவர்கள் என்று கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறார்கள். சென்ற சில பத்தாண்டுகளில் இணையத்தின் வாயிலாக இலவசக் கல்வி பெருகியிருப்பது இந்தக் குறையை ஓரளவு நீக்கும் வாய்ப்பைத் திறந்திருக்கிறது. எனவே, அக்கல்வி யாரால், எந்த நோக்கத்துடன் வழங்கப்படுகிறது, அதில் எது பிரயோஜனப்படுகிறது, எது வெறும் சடங்காகக் கழிகிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது தகும்.

இவ்வகைக் கல்வி ஒரு கிரமமான அமைப்பாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே மனிதவள நிர்வாகம் ஒரு தொழிற்சங்கத்துக்கோ ஒரு பல்கலைக்கழகத்துக்கோ உரியதாக இல்லாமல், தொழில்முறைச் சங்கங்கள் வழங்கும் சான்றிதழ்களைச் சார்ந்தே நிற்கிறது. 1948-ல் தோன்றி, இன்று 'ஷ்ரம்' என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் மனிதவள நிர்வாகச் சங்கம், தன் சான்றிதழ் பெற்றவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 கல்விப் புள்ளிகளைச் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதித்திருக்கிறது. சம்பளப் பிரிவினருக்கென 1982-ல் நிறுவப்பட்டு, 2023-ல் 'பேரோல்ஆர்க்' எனப் பெயர் மாறிய சங்கத்தின் உயர்நிலைச் சான்றிதழைப் பெற்றவர்களோ ஐந்தாண்டுகளில் 120 மணி நேரப் பயிற்சியைப் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் சான்றிதழைக் காப்பாற்ற மீண்டும் தேர்வெழுத நேரிடும். இந்த மணிக்கணக்கைக் கட்டணம் செலுத்திப் பூர்த்தி செய்ய எல்லோராலும் இயலாது. அந்த இடைவெளியில் நுழைந்தவர்களே சம்பள மென்பொருள் விற்கும் நிறுவனத்தார். ஒரு மணி நேர இணையவழி வகுப்பு, இடையிடையே திரையில் தோன்றும் இரண்டு மூன்று வினாக்கள், முடிவில் மின்னஞ்சலில் வரும் சான்று என்ற அமைப்பில், பணியிடப் பண்பாடு, ஊழியர் மனநலம், பாரபட்சமின்மை முதலிய பொருள்களைப் பற்றி அவர்கள் வழங்கும் இலவச வகுப்புகளுக்குக் குறைவே இல்லை.

இந்த ஏற்பாட்டை முற்றிலும் இகழ்வது நியாயமாகாது. ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தில், சம்பளம் போடுவது, ஆள் எடுப்பது, விடுப்புக் கணக்கு, வரிப் பிடித்தம் ஆகிய அனைத்தையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தனியாகப் பார்க்கும் ஊழியருக்கு, தம்மைப்போன்ற பிறர் எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்பதை அறிய வேறு வாசல் இல்லை. அவருக்கு அந்த ஒரு மணி நேரம் மெய்யாகவே ஒரு துணை. எனினும் செலவை ஏற்பவர் பாடத்தையும் தீர்மானிக்கிறார் என்பதை மறக்கலாகாது. மென்பொருளால் தீர்க்கக்கூடிய பிரச்சினைகள் பாடமாகின்றன. மென்பொருளால் தீராதவை பாடத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஊழியர் மனநிலையை அளக்கும் கருத்துக் கணிப்பு எப்படி நடத்துவது என்பது விரிவாகக் கற்பிக்கப்படுகிறது. கணிப்பில் வெளிவந்த கசப்பான செய்தியை மேலதிகாரியின் அறைக்குள் கொண்டு சென்று சொல்லும் துணிவை எவ்வாறு பெறுவது என்பது கற்பிக்கப்படுவதில்லை. என் மதிப்பீட்டில், பண்பாட்டுக் கல்வியின் சாரமே பின்னதில்தான் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ளப் பண்பாடு என்பதன் அமைப்பைச் சற்று நோக்க வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன், 1985-ல் வெளியிட்ட நூலில், ஸ்தாபனப் பண்பாட்டை மூன்று அடுக்குகளாகப் பகுத்தார். கண்ணுக்குத் தெரியும் ஏற்பாடுகளும் வழக்கங்களும் மேலடுக்கு. வாயால் சொல்லப்படும் கொள்கைகள் நடு அடுக்கு. யாரும் சொல்லாமலே எல்லோரும் உண்மையென ஏற்று நடக்கும் ஆழ்ந்த நம்பிக்கைகள் அடி அடுக்கு. ஒரு நிறுவனத்தின் கையேட்டில் 'ஊழியரே எங்கள் செல்வம்' என்று இருக்கலாம். ஆனால், சம்பளத்தில் குறை நேர்ந்தால் அதை அடுத்த மாதம்தான் சரிசெய்ய முடியும், மிகுதி நேர்ந்தால் உடனே பிடித்துக்கொள்ளலாம் என்ற நடைமுறை அங்கே கேள்வியின்றி நிலவுமாயின், அடி அடுக்கில் கிடக்கும் நம்பிக்கை எது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. அந்த நடைமுறையைத் தம் கையால் செய்பவர் சம்பளப் பிரிவு ஊழியர். ஆகவே, ஷைன் வகுத்த மூன்று அடுக்குகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, முரண்படுகின்றனவா என்பதை நிறுவனத்தில் வேறெவரையும்விட முன்னதாக அறியக்கூடியவர் அவரே.

சம்பளக் கணக்குக்கும் பண்பாட்டுக்கும் உள்ள உறவை மிக நுணுக்கமாகப் பதிவு செய்த ஆராய்ச்சி ஒன்று, சிகாகோவை அடுத்த சிசரோ நகரில், தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்றது. வெளிச்சத்தை மாற்றி உற்பத்தியை அளந்த அதன் முதற்கட்டச் சோதனைகளை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. இங்கே நமக்கு முக்கியமானது, 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, கம்பி இணைப்பு வேலை செய்த 14 ஆண்களைத் தனியறையில் வைத்துக் கவனித்த கடைசிக் கட்டமே. அவர்களில் ஒன்பது பேர் கம்பி பிணைப்பவர்கள், மூவர் பற்றவைப்பவர்கள், இருவர் பரிசோதகர்கள். குழு முழுவதும் செய்துமுடிக்கும் வேலையின் அளவுக்கேற்ப ஊதியம் கூடும் முறையில் அவர்களுக்குச் சம்பளம் கணக்கிடப்பட்டது. அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும் என்பதால் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற மட்டும் உழைப்பார்கள், சோம்பியவரை மற்றவர்கள் தூண்டுவார்கள் என்பது சம்பளத் திட்டத்தை வகுத்தவர்களின் எதிர்பார்ப்பு.

நடந்ததோ வேறு. ஒரு நாளைக்கு இரண்டு கருவிகள் என்பதே நியாயமான அளவு என்று அத்தொழிலாளர்கள் தமக்குள் ஓர் எழுதாச் சட்டத்தை இயற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டிச் செய்தவனைக் கேலி செய்தார்கள். தோளுக்குக் கீழே கையில் ஓங்கிக் குத்துவது அவர்களுடைய தண்டனை முறை. மிகக் குறைவாகச் செய்தவனும் ஏச்சுக்கு ஆளானான். சக தொழிலாளியைப் பற்றி மேலாளரிடம் சொன்னவனோ எல்லோரிலும் கீழானவனாகக் கருதப்பட்டான். உற்பத்தி பெருகினால் கூலி வீதத்தைக் குறைத்துவிடுவார்கள், அல்லது சிலரை வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் மூழ்கிக்கொண்டிருந்த காலம் அது. சம்பளப் பிரிவினர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இதில் ஒன்று உண்டு: ஒரு நாள் அதிகம் செய்துவிட்டால் அதை மறைத்து வைத்து, குறைவாகச் செய்த மறுநாள் கணக்கில் சேர்த்துச் சொல்லி, நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உற்பத்தி நடந்ததுபோல் அவர்கள் அறிக்கை கொடுத்துவந்தார்கள். அதாவது, சம்பளக் கணக்கில் ஏறிய எண் செய்யப்பட்ட வேலையின் எண்ணாக இல்லை. அந்த அறையின் நட்பும் அச்சமும் சேர்ந்து உருவாக்கிய எண்ணாக இருந்தது. இன்றும் வருகைப் பதிவேட்டிலிருந்தும் மிகைநேரப் படிவத்திலிருந்தும் சம்பளப் பிரிவுக்கு வந்து சேரும் ஒவ்வோர் எண்ணும் அப்படிப்பட்ட மனித உறவுகளின் வழியாகவே வருகிறது. ஒரு பிரிவில் மாதந்தோறும் எவருமே மிகைநேரம் கேட்பதில்லை என்றால், அங்கே வேலை குறைவு என்றும் பொருள்படலாம், கேட்க அஞ்சுகிறார்கள் என்றும் பொருள்படலாம். எண் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது.

அதே ஆராய்ச்சியின் இன்னொரு பகுதியில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். தொடக்கத்தில் முன்னரே வகுத்த வினாக்களை வைத்துக்கொண்டு கேட்டார்கள். தொழிலாளர்களோ அந்த வினாக்களை விட்டு விலகி, தங்கள் மனத்தில் இருந்ததையே பேசினார்கள். 1929-ல் ஆராய்ச்சியாளர்கள் வினாப் பட்டியலைக் கைவிட்டு, பேசுபவரைக் குறுக்கிடாமல் பேசவிட்டுக் கேட்கும் முறைக்கு மாறினார்கள். அதன்பின் பேட்டிகள் நெடுநேரம் நீண்டன. வெளிவந்த செய்திகளும் ஆழமாயின. மனிதவளத் துறையில் கேட்டல் என்பது பயின்று பெற வேண்டிய ஒரு வித்தை என்பதற்கு இதைவிடப் பழைய, இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஹாதார்னில் பண்பாடு சம்பளக் கணக்கை வளைத்தது. பண்பாட்டுக் குறையால் சம்பள அமைப்பே சரிந்துவிழுந்த கதை கனடாவில் நிகழ்ந்தது. அந்நாட்டு மத்திய அரசு, நாற்பதுக்கும் மேற்பட்ட துறைகளில் பரவியிருந்த சுமார் 1,200 சம்பள ஆலோசகர்களின் பதவிகளை நீக்கி, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி என்னும் சிற்றூரில் புதிதாக அமைத்த ஒரே சம்பள மையத்தில் 460 ஆலோசகர்களையும் 90 உதவியாளர்களையும் மட்டும் நியமித்து, 'பீனிக்ஸ்' என்று பெயரிட்ட புதிய கணினி அமைப்பின் துணையால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 கோடி டாலர் மிச்சப்படுத்தத் திட்டமிட்டது. 2016 பிப்ரவரி 24 அன்று 34 துறைகளின் 1,20,000 ஊழியர்களும், ஏப்ரல் 21 அன்று மேலும் 67 துறைகளின் 1,70,000 ஊழியர்களும் அவ்வமைப்பின்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். உடனே குழப்பம் தொடங்கிற்று. சிலருக்கு மாதக்கணக்கில் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைந்து வந்தது. சிலருக்கு மிகுந்து வந்தது. 2017 ஜூன் மாத நிலவரப்படி ஒன்றரை லட்சம் ஊழியர்களின் சம்பளச் சிக்கல்கள் தீராமல் கிடந்தன. தவறாகச் சென்றதும் செல்லாமல் நின்றதுமாகிய தொகையின் மதிப்பு 52 கோடி டாலரைத் தாண்டிற்று.

மிகுதியாகச் சம்பளம் பெற்றவர்களின் நிலைமையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஊழியரின் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது வரியும் ஓய்வூதியப் பங்கும் வேலையின்மைக் காப்பீடும் போக எஞ்சிய நிகரத் தொகை. ஆனால், அடுத்த வரி ஆண்டு பிறந்துவிட்டால், அவர் திருப்பிச் செலுத்த வேண்டியதோ பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தத் தொகை. தாம் கண்ணால் காணாத பணத்தையும் தம் கையிலிருந்து முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வரித்துறையிடம் மனுச் செய்து அதை மீட்டுக்கொள்ள வேண்டும். அரசு செய்த பிழைக்கு ஊழியர் கடன்பட்ட இந்த விதியை மாற்றுவதற்கான சட்டத்திருத்தம் 2019-ல்தான் வந்தது. பிழை எங்கோ ஒரு கணினியில் நேர்ந்ததாயினும், அதன் அவமானமும் கலக்கமும் வீட்டுக்கடன் தவணையைக் கட்ட வழியில்லாத ஒரு குடும்பத்தின் சமையலறையில் வந்து அமர்ந்தன.

இந்தப் பேரிழப்புக்குக் காரணம் மென்பொருள்தான் என்று பலரும் எண்ணினர். கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் 2018 மே மாதம் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையோ வேறு முடிவுக்கு வந்தது. திட்டத்தை நடத்திய அதிகாரிகள், செலவும் காலமும் மிஞ்சிவிடும் என்ற அச்சத்தால், அமைப்பின் சில முக்கியப் பணிகளை ஒத்திவைத்தார்கள். முன்தேதியிட்ட சம்பளப் பாக்கியைக் கணக்கிடும் வசதியும் அவற்றுள் ஒன்று. ஒரு துறையில் முன்னோட்டமாக இயக்கிப் பார்க்கும் திட்டத்தைக் கைவிட்டார்கள். அமைப்பு ஆயத்தமாகவில்லை என்பதற்கான அறிகுறிகள் இருந்தும், அவை மேலிடத்துக்கு உள்ளபடி தெரிவிக்கப்படவில்லை. அறிக்கைக்கு எழுதிய முன்னுரையில் ஃபெர்குசன் ஒரு படி மேலே சென்று, தவறு செய்யாதே, விரும்பத்தகாத செய்தி சொல்லாதே, கட்டளையை நிறைவேற்று என்ற மனோபாவம் அரசுப் பணியில் ஊறிப்போயிருப்பதே மூலகாரணம் என்று சுட்டினார். தணிக்கையாளர் ஒருவர் கணக்குப் பிழையிலிருந்து தொடங்கிப் பண்பாட்டில் சென்று முடித்தது இத்துறையில் அக்கறையுள்ள எவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய விஷயம். அனுபவம் மிக்க சம்பள ஆலோசகர்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களோடு வெளியேறியது கணக்கறிவு மட்டுமன்று. இந்த மாதப் பட்டியலில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று கண்டவுடன் தொலைபேசியை எடுத்துத் துறைத் தலைவரிடம் சொல்லும் வழக்கமும் உடன் வெளியேறிற்று.

கெட்ட செய்தி மேலே செல்வதற்கும் பணியிடப் பண்பாட்டுக்கும் உள்ள தொடர்பை ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்லுறவும் உள்ள செவிலியர் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் சென்றவருக்கு, அக்குழுக்களிலேயே அதிகப் பிழைகள் பதிவாகியிருப்பது தெரிந்தது. அங்கே பிழைகள் மிகுதியாக நேர்ந்தன என்பது அதற்குப் பொருளன்று. நேர்ந்த பிழையை அச்சமின்றிச் சொல்ல முடிந்தது என்பதே பொருள். மற்றக் குழுக்களில் பிழைகள் மறைக்கப்பட்டன. சம்பளப் பிரிவுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். பிழையே பதிவாகாத சம்பளப் பிரிவைக் கண்டு ஒரு நிர்வாகி பெருமிதம் கொள்வாராயின், அவர் ஒருமுறை உள்ளே சென்று, பிழையைச் சொன்ன கடைசி ஊழியருக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்து அறிவது நல்லது.

இனி, பயிற்சி உண்மையில் மனிதர்களை மாற்றுகிறதா என்ற வினாவுக்கு வருவோம். இதற்கான விடை இணையக் கல்வியின் ஆர்வலர்களுக்கு அவ்வளவு இனிப்பாக இராது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 'எட்எக்ஸ்' வாயிலாக நடத்திய இலவசப் பாடங்களின் ஆறாண்டு விவரங்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, பதிவு செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றும், இறுதி ஆண்டில் முழுமையாக முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவினரே என்றும் கண்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியைப் பற்றி ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலெவ் ஆகிய இருவரும் 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டு விவரங்களைக் கொண்டு நடத்தி, அதே 2019-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. எது எது குற்றம் என்று பட்டியலிட்டு எல்லா ஊழியர்களுக்கும் உபதேசம் செய்யும் பயிற்சியைத் தொடங்கிய நிறுவனங்களில், மேலாளர் பதவிகளில் வெள்ளை இனப் பெண்களின் பங்கு பின்னர்க் குறைந்தது. தீய நடத்தையின் அறிகுறியைக் கண்டு எவ்வாறு தலையிடுவது என்று மேலாளர்களுக்குக் கற்பித்த நிறுவனங்களில் பெண்களின் பங்கு உயர்ந்தது. கேட்பவரைக் குற்றவாளியாக வைத்துப் பேசும் பாடத்துக்கும், உதவக்கூடிய மனிதராக மதித்துப் பேசும் பாடத்துக்கும் இடையிலுள்ள தூரம் இவ்வளவு.

ஆகவே, இலவசமா, கட்டணமா என்பதைவிட, இணையவழியா, நேர்வழியா என்பதைவிட, பாடம் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கும் காரணம். இவ்வகையில் ஆஸ்திரேலியா காட்டும் உதாரணம் எனக்கு மிகவும் உகந்தது. அங்கே ஊதியச் சட்டங்களை அமல்படுத்தும் 'ஃபேர் வொர்க்' குறைதீர் அலுவலகம், தன் இணையக் கற்றல் மையத்தின் வாயிலாக யாவருக்கும் கட்டணமின்றிச் சிறு பாடங்களை வழங்குகிறது. சம்பளப் பதிவேடுகளையும் சம்பளச் சீட்டையும் பராமரிப்பது எப்படி என்பது அவற்றில் ஒன்று. பணியிடத்தில் கடினமான பேச்சை எவ்வாறு நடத்துவது என்பது இன்னொன்று, அதுவும் மேலாளருக்குத் தனியாகவும் ஊழியருக்குத் தனியாகவும் வகுக்கப்பட்டது. சம்பளம் கொடுத்த ஒரு வேலைநாளுக்குள் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும், பதிவேடுகளை ஏழாண்டு பாதுகாக்க வேண்டும் என்ற சட்ட விதிகளையும், குறை சொல்ல வந்தவரின் முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது என்ற விவேகத்தையும் ஒரே அலுவலகம் ஒரே இடத்தில் கற்பிக்கிறது. பேச்சுப் பாடத்தில் கற்பவர் வெறுமே கேட்டுக்கொண்டிருப்பதில்லை. காட்சி ஒன்று விரிகிறது, எதிரிலிருப்பவர் ஒன்று சொல்கிறார், பதிலாக என்ன சொல்வது என்பதைக் கற்பவரே தேர்ந்தெடுக்கிறார், தேர்வுக்கேற்ப உரையாடல் சுமுகமாகவோ கசப்பாகவோ திரும்புகிறது. வேண்டுமென்றே ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி முதல் அந்நாட்டில் கிரிமினல் குற்றம். தண்டனை வகுத்த அரசு கற்பிக்கும் கடமையையும் ஏற்றிருப்பது முறையானது.

கலிபோர்னியா மாநிலமும் இவ்வழியில் சென்றிருக்கிறது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் எந்த முதலாளியும் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியை, மேற்பார்வையாளருக்கு இரண்டு மணி, மற்றவர்களுக்கு ஒரு மணி என்ற கணக்கில், ஈராண்டுக்கு ஒருமுறை அளித்தாக வேண்டும் என்று விதித்த அம்மாநிலம், அந்தப் பயிற்சியைத் தானே தயாரித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டுமன்றி ஸ்பானியம், கொரியம், சீனம், வியட்நாமியம், தகலோகு ஆகிய மொழிகளிலும் வைத்திருக்கிறது. உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் துலக்குபவருக்கும் அது புரிய வேண்டும் என்ற எண்ணமே அதன் அடிப்படை.

நம் நாட்டில் இந்த விஷயத்துக்கு இருக்கும் அவசரத்தை விளக்க ஒரு சட்டமே போதும். விசாகா வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின் தொடர்ச்சியாக வந்த 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாத ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு அமைய வேண்டும் என்கிறது. ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளிப்பதை முதலாளியின் கடமையாக்குகிறது. இவை பலரும் அறிந்தவை. சம்பளப் பிரிவின் கைக்கு இச்சட்டம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கிறார்கள். விசாரணை நடக்கும் காலத்தில் புகார் கொடுத்த பெண்ணுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு அளிக்கக் குழு பரிந்துரைக்கலாம். அது அவருக்கு உரிய வழக்கமான விடுப்புக் கணக்கில் கைவைக்காத தனி விடுப்பு. குற்றம் நிரூபிக்கப்பட்டால், எதிர்மனுதாரரின் சம்பளத்திலிருந்து ஒரு தொகையைப் பிடித்து அப்பெண்ணுக்கு வழங்கவும் பரிந்துரைக்கலாம். இவ்விரண்டையும் பட்டியலில் ஏற்றுபவர் யார்? ஒரு மேஜையில் உட்கார்ந்திருக்கும் சம்பள எழுத்தர். புகாரின் விவரமோ பெயரோ வெளியே போகக் கூடாது என்று அதே சட்டம் கண்டிப்பாக விதிக்கிறது. அந்த விடுப்பை எந்தத் தலைப்பில் பதிவது, அந்தப் பிடித்தத்துக்குச் சீட்டில் என்ன பெயர் இடுவது, பக்கத்து மேஜைக்காரர் 'இவருக்கு என்ன மூன்று மாசம் லீவு?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பவற்றை அவருக்கு யாரேனும் ஒரு நாளாவது கற்பித்திருக்கிறோமா? ஒரு பெண்ணின் மானமும் ஒரு சட்டத்தின் வெற்றியும் அந்த எழுத்தரின் நாவடக்கத்தில் தங்கியிருக்கின்றன. உள்ளகக் குழுவினருக்கு நடத்தும் பயிற்சியில் அவருக்கும் ஓர் இருக்கை இட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பணியிடத்தின் கண்ணியத்துக்காகக் குரல் கொடுப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில், திரு.வி.க. துணைத்தலைவராக, சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் முதன்மைக் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு அளிக்கப்பட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2021-ல், கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் இயற்றிற்று. ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றே விற்ற பெண்கள் அதன் பின்னணியில் இருந்தார்கள். உண்ண நேரமும், உட்கார இடமும் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டால் மட்டும் நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. உட்கார்ந்த பெண்ணின் பெயரை மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டு வந்து கொடுக்கும்போது, அதைச் சம்பளப் பிடித்தமாக மாற்ற மறுத்து, காரணத்தையும் சொல்லத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

கருவிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. சென்னை உள்ளிட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய 'என்பிடெல்', 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' ஆகியவற்றில் மேலாண்மைப் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். அரசு ஊழியருக்கென 'கர்மயோகி' என்னும் இணையப் பயிற்சித் தளம் இயங்குகிறது. ஆனால் இவற்றிலுள்ள பாடங்கள் பெரும்பாலும் மாணவரை மனத்தில் வைத்து வாரக்கணக்கில் நீள்பவை, அல்லது அரசு அலுவலகத்தின் எல்லைக்குள் நிற்பவை. திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்கூடத்தின் சம்பள எழுத்தர், மதிய உணவுக்கும் பிற்பகல் வேலைக்கும் இடையே இருபது நிமிடத்தில் கற்று, அன்று மாலையே பயன்படுத்தக்கூடிய பாடம் வேறு வகையானது.

2019-ல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாதச் சம்பளத்தை மறுமாதம் 7ஆம் நாளுக்குள்ளும், வேலையைவிட்டு நீங்குபவரின் கணக்கை இரண்டு வேலைநாட்களுக்குள்ளும் தீர்க்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. நாட்டின் சம்பளப் பிரிவுகள் அனைத்தும் தங்கள் வழக்கங்களைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும் வேளை இது. தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறையும், சமூகப்பணி கற்பிக்கும் நம் கல்லூரிகளும், சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்றுகூடி, மிகுதியாகச் சென்ற சம்பளத்தைத் திரும்பக் கேட்பது எப்படி, பிரசவ விடுப்பிலிருந்து திரும்பிய பெண்ணின் சம்பள உயர்வைக் கணக்கிடுவது எப்படி, ரகசியமான விடுப்பைப் பதிவது எப்படி, மேலதிகாரி சொன்ன தவறான பிடித்தத்தை மரியாதையுடன் மறுப்பது எப்படி என்பன போன்ற நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டு, காட்சியும் தேர்வும் கலந்த சிறு பாடங்களைத் தமிழில் அமைத்து, யாவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். அவற்றை அலுவலக நேரத்திலேயே கற்க, நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு அனுமதி அளிக்க வேண்டும். வீட்டுக்குப் போய் இரவில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கூடாது.